எண்திசை வலம்

திருவண்ணாமலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திசைக்கு ஒன்றாக எட்டு லிங்கங்கள் இருக்கின்றன. கிழக்கே இந்திர லிங்கம், தென்கிழக்கே அக்னி லிங்கம், தெற்கே எம லிங்கம், தென்மேற்கே நிருதி லிங்கம், மேற்கே வருண லிங்கம், வடமேற்கே வாயு லிங்கம், வடக்கே குபேர லிங்கம், வடகிழக்கே ஈசான்ய லிங்கம். எல்லாமே சிறிய கோயில்கள். மலையை வலம் வருகிறவர்கள் ஒவ்வொன்றிலும் சற்று நின்று, கற்பூர ஆரத்தியைக் கண்ணில் ஒற்றி, திருநீறு பூசிக்கொண்டு அடுத்த திசைக்கு நடக்கிறார்கள்.

திசைகளை வணங்குவது பல சமயங்களில் உள்ள வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை நின்ற இடத்திலேயே நடப்பவை. சந்தியாவந்தனம் செய்கிறவர் முடிவில் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக் கைகூப்புவார். பிறகு மேலும் கீழும் வணங்குவார். வாஸ்து சாந்தியிலும் யாகசாலையிலும் எட்டுத் திசைக்கும் கலசமோ பலியோ உண்டு. பாலி மொழியின் தீக நிகாயத்தில் சிகாலன் என்ற இளைஞனின் கதை வருகிறது. ராஜகிருகத்தில் அவன் காலையில் நீராடி, ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். தந்தை இறக்கும்போது சொல்லிவிட்டுப் போன கடமை அது. புத்தர் அதைத் தடுக்கவில்லை. கிழக்கு என்பது பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே பணியாளர், மேலே துறவியர் என்று பொருள் சொல்லி, அவர்களுக்கு ஆற்றும் கடமையே அத்திசைக்குச் செய்யும் வணக்கம் என்கிறார். சமணத்தில் இல்லறத்தாருக்கு திக்விரதம் என்றொரு நோன்பு உண்டு. ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தூரத்துக்கு மேல் போவதில்லை என்று எல்லை வகுத்துக்கொள்வது அது. ஆசைக்கும் அதனால் விளையும் தீங்குக்கும் எல்லை போடவே இந்த ஏற்பாடு.

இவை எல்லாவற்றிலும் வணங்குகிறவரே நடுவில் நிற்கிறார். அவரைச் சுற்றித் திசைகள் அமைகின்றன. கிரிவலத்தில் நடு இடம் மனிதருக்கு இல்லை. அங்கே மலை நிற்கிறது. மனிதர் விளிம்புக்குப் போய், ஒவ்வொரு திசையிலும் நின்று, உள்நோக்கி வணங்க வேண்டும். இந்தச் சடங்கின் பொருளுக்கு இதுதான் ஆணிவேர்.

எட்டுத் திசைக்கும் காவலர் என்ற எண்ணம் ஒரே நாளில் தோன்றியதல்ல. வேதங்களில் இந்திரன் தேவர்களின் அரசன். வருணன் உலக ஒழுங்கைக் கண்காணிப்பவன். அக்னி அவியைச் சுமந்து செல்பவன். நிருதி அழிவையும் சிதைவையும் குறிக்கும் அச்சந்தரும் பெண் தெய்வம். இதிகாசங்களில் இந்திரன், எமன், வருணன், குபேரன் என்ற நால்வர் உலகக் காவலராக நான்கு பெருந்திசைகளில் நிற்கிறார்கள். பிறகு கோணத் திசைகளுக்கும் நால்வர் சேர்ந்து எண்மர் ஆனார்கள். நிருதி ஆண் காவலனாக மாறி, மனிதனை வாகனமாகக் கொண்டான். எருமை மேல் எமன், ஆட்டின் மேல் அக்னி, மகரத்தின் மேல் வருணன், மானின் மேல் வாயு என்று சிற்பிகள் இவர்களைக் கோயில் விதானங்களிலும் சுவர்களிலும் செதுக்கினார்கள். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலில் திருச்சுற்று மாளிகையை ஒட்டி எண்மருக்கும் தனித்தனிக் கோயில்களே எழுந்தன. ஒரு காலத்தில் பெருந்தெய்வங்களாக இருந்தவர்கள் சிவனின் மதிலோரத்தில் காவல் ஏற்ற வரலாறு அந்தச் சுற்றில் கல்லாக நிற்கிறது.

ஆகமக் கோயில்களின் திருவிழாக்களில் இவர்களுக்கு இன்றும் பங்குண்டு. கொடியேற்றத்தை ஒட்டி நடக்கும் நவசந்தி என்ற சடங்கில் நடுவில் பிரம்மாவையும் எட்டுத் திசைகளில் எண்மரையும் அழைத்து, பலி தந்து, விழா முடியும்வரை ஊரைக் காக்கும்படி வேண்டுகிறார்கள். ஒவ்வொரு சந்திக்கும் தனிப் பண், தனித் தாளம், தனி ஆடல் என்று வகுத்திருந்தார்கள். பிரம்மாவுக்கு மேகராகக்குறிஞ்சி, இந்திரனுக்குக் காந்தாரம், அக்னிக்குக் கொல்லி என்று அந்த வரிசை போகும். தஞ்சை நட்டுவனார் மரபில் வந்த நவசந்திக் கவுத்துவங்கள் இந்தச் சடங்குக்காகவே எழுந்த ஆடல் உருப்படிகள். ஒரு திசையின் இயல்பை இசையாகவும் அடவாகவும் காதுக்கும் கண்ணுக்கும் காட்டிய மரபு இது. கோயில்களில் அந்த ஆடல் ஏறக்குறைய நின்றுபோய், இப்போது மேடைகளில் மட்டும் எப்போதாவது காணக் கிடைப்பது பெரிய இழப்பு.

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழாவும் காவலில்தான் தொடங்குகிறது. கொடியேற்றத்துக்கு முந்தைய மூன்று நாட்களில் துர்க்கையம்மன், பிடாரியம்மன், விநாயகர் ஆகியோருக்கு எல்லைக் காவல் உற்சவம் நடக்கும். அதன்பிறகே கொடி ஏறும். ஊர்த் தெய்வம், ஆகமத் தெய்வம் என்ற பிரிவினை இந்த இடத்தில் கரைந்துவிடுகிறது. விழா என்றால் முதலில் எல்லையைக் காக்க வேண்டும் என்பதில் இரு மரபும் ஒன்று.

மலையின் உயரம் 2,668 அடி. பஞ்சபூதத் தலங்களில் இது நெருப்புக்கு உரியது. மலையே லிங்கம் என்பது தலத்தின் அடிப்படை நம்பிக்கை. கந்த புராணத்தைச் சேர்ந்த அருணாசல மகாத்மியமும், சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணமும் அதை விரித்துச் சொல்கின்றன. மலையடிவாரத்தில் கிழக்கு நோக்கி இருக்கும் அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி உயரமும் 11 நிலைகளும் கொண்டது. கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்த இந்தக் கோபுரத்தைத் தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்தார். திசைக்கொரு பெருங்கோபுரமாகக் கோயிலுக்கு நான்கு வாயில்கள். தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணியம்மன் கோபுரம். வடக்குக் கோபுரம் அரசர் கட்டியதன்று. அம்மணியம்மாள் என்ற பெண் துறவி பொருள் திரட்டி எழுப்பியது. கோயிலுக்குள் நுழைவதற்கு முன்பே திசைகளின் ஒழுங்கு இப்படிக் கண்ணில் படுகிறது.

கிரிவலம் கிளம்புகிறவர்கள் தேரடியில் பூத நாராயணரையும் இரட்டைப் பிள்ளையாரையும் வணங்கி விடைபெறுவது வழக்கம். வெறுங்காலோடு நடக்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல் அடிமேல் அடி வைத்து மெல்ல நடக்க வேண்டும் என்பது மரபு சொல்லும் இலக்கணம். சாலையின் இடப்பக்கமாக நடப்பார்கள். மலையை ஒட்டிய வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களும் தேவர்களும் நடக்கும் வழி என்று விட்டுவிடுவார்கள். எட்டு லிங்கங்களிலும் நின்று வணங்கிச் சென்றால் சுற்றி வர நான்கைந்து மணி நேரம் ஆகும். லிங்கங்களுக்கு இடையிலான தூரம் சீரானதல்ல. சில அடுத்தடுத்து வந்துவிடும். சிலவற்றுக்கு நெடுந்தொலைவு நடக்க வேண்டும். திசைகாட்டியை வைத்து அளந்து நட்ட புள்ளிகள் அல்ல இவை. நடப்பவரின் வலத்தோளுக்கு நேராக எப்போதும் மலை இருக்கிறது, அதன் முகம் மாறிக்கொண்டே வருகிறது. திசை மாறியதை அந்த மாற்றமே சொல்லிவிடும்.

இந்திர லிங்கம் ஊருக்குள், தேர் வீதியை ஒட்டி இருக்கிறது. பூக்கடை, பாத்திரக் கடை, இரைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்கும் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறவர்கள் உண்டு. கிழக்கு அரசனுக்குரிய திசை. சூரியன் எழும் திசை, கோயில் வாயில் திறக்கும் திசை, தேர் நிற்கும் திசை. பதவியும் ஆட்சியும் தொடக்கமும் இங்கே. ஆனால் இங்குள்ள மூர்த்தி இந்திரன் அல்லன். இந்திரன் வழிபட்ட சிவன். எட்டுக் கோயிலிலும் இதுவே முறை. எண்மரும் தத்தம் பதவியைப் பெறவோ, குறை நீங்கவோ அண்ணாமலையை வணங்கிய இடங்கள் இவை என்பதுதான் தலக்கதைகளின் சாரம். அதாவது காவலன் கும்பிட்ட இடத்தில் போய் நின்று, அவன் பார்த்த பக்கத்திலிருந்தே நாமும் மலையைப் பார்க்கிறோம். அரசனும் இங்கே கைகூப்பித்தான் நின்றான் என்பதை வழிபாட்டின் முதல் அடியிலேயே சொல்லிவிடுகிறது கிழக்கு.

செங்கம் சாலையில் தெற்கு நோக்கித் திரும்பி நடந்தால் அக்னி லிங்கம். தலமே நெருப்புத் தலமாக இருக்க, நெருப்புக்கென்று ஒரு மூலையும் இருப்பது முதலில் மிகையாகத் தோன்றலாம். அக்னி மூலையின் நெருப்பு வேறு. அது அடுப்பிலும் வேள்விக் குண்டத்திலும் எரிகிற, மனிதர் கையாளும் நெருப்பு. தமிழ் வீடுகளில் சமையலறை தென்கிழக்கில் அமைவது இந்தக் கணக்கில்தான். மலையாய் நிற்பதோ யாரும் மூட்டாத, அணைக்கவும் முடியாத சோதி. சிறிய நெருப்பின் காவலன் பெரிய நெருப்பை நோக்கி நிற்கிறான்.

இந்தப் பக்கம் முழுவதும் துறவிகளின் உறைவிடம். 1929இல் மறைந்த சேஷாத்திரி சுவாமிகளின் ஆசிரமமும் ரமணாசிரமமும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2001இல் மறைந்த யோகி ராம்சுரத்குமாரின் ஆசிரமமும் அருகில்தான். மூன்றும் மலையின் தெற்குப் பக்கத்தில் கூடியிருப்பதற்கு நடைமுறைக் காரணங்கள் இருக்கலாம். என்றாலும் தெற்கு என்ற திசையின் பொருளோடு சேர்த்துப் பார்த்தால் அந்தச் சேர்க்கை மிகவும் அழகாகப் பொருந்துகிறது.

தெற்கு எமனுடைய திசை. தென்புலத்தார் என்று திருக்குறள் முன்னோரைக் குறிப்பது இதனால்தான். இறந்தவரின் தலையைத் தெற்கே வைப்பதும், திதி கொடுக்கிறவர் தெற்கு நோக்குவதும் இன்றும் தொடரும் வழக்கங்கள். அதே தெற்கு நோக்கித்தான் சிவாலயங்களின் கருவறைச் சுவரில் தட்சிணாமூர்த்தி கல்லால மரத்தடியில் பேசாமல் அமர்ந்து முனிவர் நால்வருக்கு உபதேசிக்கிறார். மரணத்தை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறவரே ஆசான் என்பது அந்த அமைப்பின் உட்பொருள். ரமணரின் வாழ்க்கை இதற்கு வாழ்ந்து காட்டிய உரை. 1896இல் மதுரையில், 16 வயதில், திடீரென்று மரண பயம் அவரைப் பற்றியது. அவர் ஓடி ஒளியவில்லை. பிணம்போல் படுத்து, இறப்பது எது என்று உள்ளே பார்த்தார். சில வாரங்களில் வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை வந்தவர், 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை இந்த மலையை விட்டு அகலவே இல்லை. 1922இல் அவருடைய தாய் அழகம்மாள் காலமானபோது மலையின் தெற்கு அடிவாரத்தில் அடக்கம் செய்தார்கள். அந்தச் சமாதியைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. பேசாமலே உபதேசித்த அவரை அடியார்கள் தட்சிணாமூர்த்தியாகவே கண்டார்கள். 1926 வரை அவரும் பலமுறை கிரிவலம் சென்றார்; அடியார் கூட்டத்தோடு, வழியில் தங்கி, சமைத்து உண்டு, மறுநாள் திரும்பிய வலங்களும் உண்டு.

ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் எம லிங்கம். பௌர்ணமிக் கூட்டத்தில் பலர் இங்கே நின்று நிதானிப்பதில்லை. கும்பிடு போட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். அச்சம் இயல்புதான். ஆனால் எட்டில் ஒன்றை விட்டால் வலம் வலமாகாது. எமனை விலக்கிவிட்டுக் குபேரனுக்கு ஓடுவதற்கு இந்தப் பாதையில் குறுக்கு வழி கிடையாது. தெற்கைக் கடந்துதான் வடக்கை அடைய முடியும் என்பதைக் காலே கற்றுக்கொள்கிறது.

இதற்குப் பிறகு பாதை செங்கம் சாலையை விட்டு வலப்பக்கம் பிரிகிறது. கடைகளும் விடுதிகளும் குறைகின்றன, மரங்கள் கூடுகின்றன. மலையின் காட்டுப் பகுதி சாலை ஓரம்வரை வந்து நிற்கிறது. தென்மேற்கில் நிருதி லிங்கம். எண்மரில் அதிகம் அறியப்படாதவன் நிருதி. சிதைவு, கேடு, வேரற்றுப் போதல் ஆகியவை அவனுடைய எல்லை. மரணத்தைக்கூட ஏற்றுக்கொள்ளும் மனம் மெல்லத் தேய்ந்து அழிவதை ஏற்க மறுக்கிறது. அதனால் மரபு அதற்கென்று ஒரு தனிக் காவலனை வைத்தது. கோள்களில் ராகுவை இங்கே சேர்த்துச் சொல்வார்கள். வீடுகளிலும் கோயில்களிலும் தென்மேற்கு மூலையைத் தமிழர் கன்னி மூலை என்று சொல்லி, அங்கே பிள்ளையாரை வைப்பார்கள். அச்சம் மிகுந்த மூலையைக் காலியாக விடாமல், தடை நீக்கும் தெய்வத்தை அதில் இருத்திய அறிவு பெரிது. கிரிவலத்தில் நிருதி லிங்கம் அந்த வேலையைச் செய்கிறது. பலருக்கு இங்கேதான் காலில் முதல் வலி தொடங்கும். பாதி தூரம்கூட ஆகியிராது.

இங்கிருந்து மேற்கு நோக்கிய நடை நீளமானது. திருநேர் அண்ணாமலையார் கோயில், சூரிய லிங்கம் என்று வழியில் வேறு சன்னிதிகளும் வரும். மேற்கில் வருண லிங்கம். நீரின் அதிபதி அவன். வேதத்தில் மனிதரின் பொய்யையும் மெய்யையும் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவனும் அவனே. சூரியன் மறையும் திசையில், நாள் முழுக்கச் செய்ததை ஒப்புக்கொடுக்கும் இடத்தில், அவனை நிறுத்தியது பொருத்தம். சாய்ந்த வெயிலில் இங்கே வந்து சேர்கிறவர்கள், கிழக்கே ஒற்றைக் கூம்பாகத் தெரிந்த மலை அகன்று, சரிந்து, பாறை முதுகுகளாகப் பிரிந்து நிற்பதைக் காண்பார்கள். இது அதே மலையா என்று ஐயம் வரும் அளவுக்கு மாற்றம்.

மேற்குப் பக்கத்தின் பெரிய கோயில் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை என்றும் சொல்வார்கள். பிரம்மா நிறுவிய லிங்கம் என்று தலவரலாறு. அண்ணாமலையார் கோயிலின் ஆரவாரம் இங்கே இல்லை. கல்தரையில் உட்கார்ந்து கால் நீட்ட இடம் கிடைக்கும். அருகில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில் இருக்கிறது. திருவெம்பாவை பிறந்த இடம் இது என்பது மரபு. மார்கழி விடியலில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பி நீராடப் போகும் பாடல், சூரியன் எழும் கிழக்கு வீதியில் பிறக்காமல் மலையின் மறுபக்கத்தில் பிறந்ததாக ஊர் சொல்வது நினைத்து மகிழத்தக்கது.

வடமேற்கில் வாயு லிங்கம். வருணனையும் குபேரனையும் பற்றிக் கதை சொல்கிறவர்கள் வாயுவை அதிகம் பேசுவதில்லை. ஆனால் இவ்வளவு தூரம் நடந்து வந்தவருக்கு மூச்சைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. சந்திர லிங்கத்தைத் தாண்டினால் வடக்கில் குபேர லிங்கம்.

எட்டிலும் கூட்டம் அதிகம் நெரிவது இங்கேதான். கார்த்திகை மாதச் சிவராத்திரி நாளில் குபேரனே வந்து வழிபட்டு மலைவலம் செல்கிறான் என்ற நம்பிக்கை அண்மைக் காலத்தில் பரவி, அந்த மாலையில் இந்தச் சின்னக் கோயிலின் முன் ஆயிரக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். செல்வம் வேண்டுவது தவறல்ல. கடனும் வேலையின்மையும் மருத்துவச் செலவுமாக வருகிறவர்களின் வேண்டுதலைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் வடக்கு என்ற திசைக்குத் தமிழில் இன்னொரு முகமும் உண்டு என்பதை இங்கே நினைத்தாக வேண்டும். வாழ்வை நிறைவுசெய்ய எண்ணிய சங்க கால மன்னர்கள் வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார்கள். கோப்பெருஞ்சோழன் அப்படி வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் தேடி வந்து அவனோடு சேர்ந்தார். சேர்த்துவைக்கும் தெய்வமும் எல்லாவற்றையும் விட்டுவிடும் நோன்பும் ஒரே திசையில் இருக்கின்றன. ஒரு திசையை ஒரே ஒரு பலனுக்குரிய சாளரமாகச் சுருக்கிவிட்டால் இந்தச் செழுமை போய்விடும். எந்த லிங்கத்துக்கு என்ன பலன், எந்த ராசிக்கு எது என்ற பட்டியல்கள் இப்போது பாதையெங்கும் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அவை மக்களை அழைத்து வருகின்றன என்பது உண்மை. அழைத்து வந்தபின் எட்டையும் ஒன்றாக எடுத்துச் சொல்லும் ஆள்தான் தேவை.

குபேர லிங்கத்தை அடுத்து இடுக்குப் பிள்ளையார். இடைக்காட்டுச் சித்தர் அமைத்ததாகச் சொல்லப்படும் இந்தச் சின்னஞ்சிறு கட்டடத்தின் குறுகிய வாயில்களுக்குள் ஒருக்களித்துப் படுத்து, உடம்பை நெளித்து நகர்ந்து வெளியே வர வேண்டும். குழந்தைகள் எளிதாக வந்துவிடுவார்கள். பெரியவர்களை வெளியே நிற்பவர்கள் கை கொடுத்து இழுப்பார்கள். இந்தப் பகுதியில் ஓரிடத்தில் மலை ஐந்து சிகரங்களாகப் பிரிந்து தெரியும். பஞ்சமுக தரிசனம் என்று அங்கே எல்லோரும் நின்று கும்பிடுவார்கள். சிவனுக்கு ஐந்து முகம் என்ற சைவ சித்தாந்தக் கருத்து இங்கே பாறையாகக் காட்சி தருகிறது. கிழக்கே ஒன்றாக நின்றது, நடந்து வந்தவருக்கு மட்டும் ஐந்தாகிறது.

கடைசித் திசை வடகிழக்கு. ஈசான்ய லிங்கம். எண்மரில் எழுவர் சிவனை வணங்கியவர்கள் மட்டும் என்றால் எட்டாமவனாகிய ஈசானன் சிவனின் வடிவமும்கூட. ஐந்து முகங்களில் மேல்நோக்கிய முகத்துக்கும் ஈசானம் என்றுதான் பெயர். பூசையறையை ஈசான்ய மூலையில் வைப்பதும், கோயில் யாகசாலையை அந்தப் பக்கம் அமைப்பதும் இதனால்தான். திருவண்ணாமலையில் ஈசான்ய லிங்கத்தை அடுத்துச் சுடுகாடு இருக்கிறது. தூய்மைக்குரிய மூலையில் பிணம் எரிவது முரணாகத் தோன்றலாம். சுடலையில் ஆடும் கடவுளுக்கு அது முரண் அல்ல. அருகே ஈசான்ய ஞானதேசிகரின் மடம். பேருந்துகளின் ஒலி கேட்கத் தொடங்குகிறது, மறுபடியும் ஊர். நடந்தவர்கள் அண்ணாமலையார் கோயிலின் வாயிலுக்கு வந்து, கிளம்பிய இடத்தில் நின்று மலையை வணங்கி முடிப்பார்கள்.

எட்டுத் திசைகள் முடிந்தாலும் கணக்கு முடியவில்லை. மரபில் திசைகள் பத்து. மேல் திசைக்குப் பிரம்மாவும் கீழ்த் திசைக்கு அனந்தனும் காவலர் என்று சொல்லும் நூல்கள் உண்டு. கிரிவலப் பாதையில் இந்த இரண்டுக்கும் லிங்கம் இல்லை, இருக்கவும் முடியாது. அந்த இரு திசைகளும் தலத்தின் மூலக் கதைக்குள்ளேயே இருக்கின்றன. யார் பெரியவர் என்ற போட்டியில் அன்னமாகிய பிரம்மா மேலே பறந்தும் பன்றியாகிய திருமால் கீழே தோண்டியும் அடிமுடி காணாமல் தோற்ற சோதியே இந்த மலை. மேலும் கீழும் செய்த பயணங்கள் இரண்டும் தோற்றன. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொண்டார், மற்றவர் தாழம்பூவைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்தார். அளந்துவிட நினைத்தவர்களுக்கு எட்டாதது, சுற்றி வர நினைத்தவர்களுக்கு ஒவ்வொரு அடியிலும் காட்சி தருகிறது. செங்குத்தான தேடலுக்கு மாற்றாக வட்டமான நடையை இந்தத் தலம் வழிபாடாக வைத்திருப்பதன் காரணம் இதுவாகவே இருக்க வேண்டும். மேல் திசைக்கான வழிபாடு ஆண்டுக்கு ஒருமுறை கார்த்திகையில் நடக்கிறது. அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை 6 மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தரும்போது, மலையுச்சியில் கொப்பரையில் மகாதீபம் ஏற்றுவார்கள். பெருமளவு நெய்யும் நீண்ட காடாத் துணித் திரியும் அதற்கு ஆகும். தீபம் தொடர்ந்து 11 நாட்கள் எரியும். எட்டுத் திசையிலும் எந்த லிங்கத்தின் முன் நின்றாலும் அது தெரியும்படி மலை அமைந்திருக்கிறது.

கிரிவலம் பௌர்ணமிக்கு மட்டும் உரியது அல்ல. கடந்த சில பத்தாண்டுகளில்தான் பௌர்ணமிக் கூட்டம் லட்சக்கணக்கில் பெருகியது. சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகைத் தீபத்திலும் பாதை முழுவதும் மனிதத் தலைகளாகவே தெரியும். தனி ரயில்களும் சிறப்புப் பேருந்துகளும் ஓடும். அந்த நாட்களில் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னும் நிற்க நொடிகள்தான் கிடைக்கும். எட்டுத் திசைகளையும் உணர்ந்து நடக்க விரும்புகிறவர்களுக்குச் சாதாரண நாளின் விடியற்காலையே ஏற்றது. இருட்டில் கிழக்கே தொடங்கினால், எம லிங்கத்துக்கும் நிருதிக்கும் இடையில் வெளுக்கத் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் மேற்கைத் தாண்டிவிடலாம். அதற்குப் பிறகு தார்ச்சாலை வெறுங்காலைச் சுட்டுவிடும். கோடையில் பாதையோர மரங்களின் நிழலை நம்பித்தான் நடக்க முடியும். அந்த மரங்களைக் காப்பதும் மலையின் காட்டைத் தீயிலிருந்து காப்பதும் லிங்கங்களுக்கு விளக்கேற்றுவதற்குக் குறையாத திருப்பணி. மலைச்சரிவில் மரம் வளர்க்கத் தன்னார்வலர்கள் செய்துவரும் வேலை அந்த வகையில் வணங்கத்தக்கது.

இந்தப் பாதையில் அண்ணாமலையாரும் ஆண்டுக்கு இருமுறை வலம் வருகிறார். ஒன்று கார்த்திகைத் தீபத்தை அடுத்து. மற்றொன்று தை மாதத்தில், திருவூடல் விழாவை ஒட்டி. சிவனை மட்டும் வணங்கி அம்மையை வணங்க மறுத்த பிருங்கி முனிவரால் இருவருக்கும் ஊடல் மூள்கிறது. திருவூடல் வீதியில் தீபாராதனைகளுக்கு நடுவே அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட, சுவாமி அன்றிரவு குமரக்கோயிலில் தங்குகிறார். மறுநாள் பிருங்கிக்குக் காட்சி தரக் கிளம்பி, வழியெங்கும் ஊர் மக்கள் வாசலில் கோலமிட்டு, தேங்காய் உடைத்து, ஆரத்தி எடுத்து வரவேற்க, எட்டுத் திசைக் காவலரின் இடங்களையும் கடந்து மலையைச் சுற்றி வந்து கோயிலுக்குத் திரும்புகிறார். அன்று நடப்பது மறுவூடல்.